மாடு ஒப்புக்கொண்ட புகையிலை

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்தோம். என் வயசுக்காரர் ஒருவர், சுற்றி உட்கார்ந்திருந்த இளவட்டங்களைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று ஒரு கதையை எடுத்தார். "அந்தக் காலத்துல சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு பால்காரி இருந்தா. துரை மாதிரி வாயில பைப்பு வச்சுக்கிட்டுத்தான் மாடு கறப்பா!" உதட்டைக் குவித்து, கன்னத்தை ஒட்டவைத்து, புகை விடுவதுபோலச் செய்தும் காட்டினார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அப்புறம் கோயில்ல அவ பாலே வேணாம்னுட்டாங்க லா" என்று முடித்தார். சிரிப்பு இன்னும் கூடியது.

நான் எழுந்து வந்துவிட்டேன். "சாப்பாட்டு மேல என்ன கோவம்?" என்று வழியெல்லாம் என் சம்சாரம் திட்டிக்கொண்டே வந்தாள். கோபம் சாப்பாட்டின் மேல் இல்லை.

நான் படித்தது ஐந்தாவது வரைக்கும்தான். எழுதிப் பழக்கம் இல்லை. ஆனால் அந்தப் பால்கார அக்காவைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசுகிறவர்களைக் கேட்டுக்கொண்டு இனிமேலும் சும்மா இருக்க முடியாது. அவருக்குப் புகையிலை நிறுத்துக் கொடுத்த கை இது. அதனால் எனக்குத் தெரியும்.

அப்போது நான் ஒரு ராவுத்தர் கடையில் வேலை பார்த்தேன். சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் கடை. முன்பக்கம் வெற்றிலை, பாக்கு, பீடி, நம் ஊரிலிருந்து கப்பலில் வரும் சுருட்டுக்கட்டு. உள்ளே கண்ணாடி அலமாரியில் பட்டாளத்துக்காரர்களும் ஆபீஸ் துரைமார்களும் வாங்கும் பைப்பு, பைப்புப் புகையிலை டப்பாக்கள். நான் எதையும் பிடித்ததில்லை. காலையில் குளித்து, விபூதி பூசி, சாமி விளக்கைக் கும்பிட்டுவிட்டுக் கடைக்குப் போவேன். பொழுது சாயும்வரை புகையிலையை அளைவேன். பிறகு கையைக் கழுவிவிட்டுக் கோயிலுக்குப் போவேன். அந்தக் கையால் எத்தனையோ வெள்ளிக்கிழமை பூத்தட்டு கொடுத்திருக்கிறேன். ஒருத்தரும் என் கையை மோந்து பார்க்கவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அக்காவுக்கு நாலு மாடு. ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்குப் பின்னால் ஒரு காலிக் கொல்லையில் தகரக் கூரை போட்டுக் கட்டியிருந்தார். வீட்டுக்காரர் இறந்து பல வருஷம். பிள்ளை குட்டி இல்லை. விடியற்காலையில் கறந்து, இரண்டு கையிலும் தூக்குகளை எடுத்துக்கொண்டு வீடு வீடாக வந்து ஊற்றுவார்.

அவரிடம் ஒரு குணம். தன்னுடையது எதையும் ஒளிக்கத் தெரியாது. பால் ஊற்றும்போதே சொல்லிவிடுவார். "இன்னைக்குப் பால் இளசுதான், மாடு பச்சைப் புல்லா தின்னுடுச்சு. காப்பிக்கு ஆகும். தயிருக்கு ஆகாது, உறை ஊத்தி வச்சுட்டு என்னைத் திட்டாதே." வேறு எந்தப் பால்காரர் இப்படிச் சொல்லுவார்? சொன்னால்தான் யார் வாங்குவார்? அக்காவிடம் வாங்கினார்கள்.

ஒருதரம் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். அந்தக் கொல்லையில் மாடு வைத்திருந்த மற்றவர்கள் நோய் கண்ட மாட்டைப் பின்பக்கம் ஓட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்கள்போல நின்றார்கள். அக்கா நேராக இன்ஸ்பெக்டரைக் கூட்டிப்போய்த் தன் மாட்டைக் காட்டினார். "இதுக்கு மடி வீங்கியிருக்கு. மூணு நாளா இதுல கறக்கல." இன்ஸ்பெக்டர் எல்லா மாட்டையும் பார்க்கக் கிளம்பிவிட்டார். மற்றவர்கள் அக்காவைப் பிடித்துக்கொண்டார்கள். "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா நீ?"

"நான் என் மாட்டைத்தானே சொன்னேன்? உன் மாட்டைச் சொன்னேனா?"

இந்த வார்த்தையை அன்றைக்கு நான் சரியாகக் கவனிக்கவில்லை.

அவர் சுருட்டுப் பிடிக்க வந்த கதையையும் அவரே சொல்லித்தான் தெரியும். என் சம்சாரம் ஒரு நாள் மனசு பொறுக்காமல் கேட்டுவிட்டாள். "ஏங்க்கா, பொம்பளைக்கு எதுக்குக்கா இந்தச் சுருட்டு?"

அக்கா கோபப்படவில்லை. "ஆசைக்கா பிடிக்கிறேன்? அவருதான் கறப்பாரு. வாயில சுருட்டோடதான் மடிகிட்ட உக்காருவாரு. மாடுங்க அந்த வாசத்துக்குப் பழகிப்போச்சு. அவரு போனப்புறம் நான் உக்காந்தேன். ஒரு மாடும் பால் விடல. பருத்திக்கொட்டை வச்சேன், தடவிக் குடுத்தேன், அழுதுகூடப் பாத்தேன். அப்புறம் அவரு விட்டுட்டுப்போன கட்டுல ஒரு சுருட்டை எடுத்துப் பத்தவச்சேன். இருமித் தொலைச்சேன். ஆனா செவலை திரும்பிப் பாத்துச்சு. பால் விட்டுடுச்சு. அன்னையிலேர்ந்து பிடிக்கிறேன்."

புகை நல்லது என்று சொல்ல நான் வரவில்லை. அந்த அக்கா எதற்காகப் புகைத்தார் என்பது சிரிக்கிறவர்களுக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான்.

நாங்கள் கும்பிட்டது ஒரு சின்ன அம்மன் கோயில். பெயர் வேண்டாம். அது இப்போது அங்கே இல்லை, ரோடு வந்துவிட்டது. அங்கே வெள்ளிக்கிழமை அபிஷேகத்துக்குப் பால் அக்காவுடையது. அபிஷேகம் முடிந்ததும் பூசாரி, "இன்றைக்குப் பால் இன்னார் ஞாபகமாக அவர் சம்சாரம் இன்னார் உபயம்" என்று உரக்கச் சொல்லுவார். அக்கா தூணுக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்பார். "வீட்டுல அவரு பேரைச் சொல்ல யாரு இருக்கா? வாரத்துக்கு ஒரு தரம் இங்கதான் அவரு பேரைக் காதால கேக்குறேன்" என்பார். அதற்காகவே வந்தார் என்றுகூடச் சொல்லலாம். சாமி அதைத் தப்பாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை வாசலிலேயே நின்றுவிட்டார். கையில் பால் குடம். "பூசாரி, இன்னைக்குப் பால் ஆகாது. கறக்கும்போது சுருட்டுச் சாம்பல் விழுந்துடுச்சு." பூசாரி எட்டிப் பார்த்தார். "ஒண்ணும் தெரியலையேம்மா, குடுங்க." "நான் பாத்தேனே!" என்று சொல்லி, அத்தனை பேர் பார்க்க, குடத்துப் பாலைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டார். பிறகு ஓடிப்போய் வேறு மாட்டில் கறந்து கொண்டுவந்தார், சுருட்டில்லாமல். மாடு கொடுத்தது ஒரு சொம்புதான்.

அடுத்த நாள் கடைக்கு வந்தார். "தம்பி, பைப்பு ஒண்ணு வேணும்."

ராவுத்தர் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, "குழாய்க் கடை எதுத்த வரிசையிலம்மா. மாட்டுக்குத் தண்ணி காட்டவா?" என்றார்.

"தண்ணிக் குழாய் இல்ல முதலாளி. வாயில வைக்கிற குழாய்."

"யாருக்கும்மா?"

"எனக்குத்தான்."

ராவுத்தர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். ஒப்புக்கொள்கிறேன், அன்றைக்கு நானும் சிரித்தவன்தான். "சிரிச்சு முடிச்சுட்டு எடுத்துக் காட்டுங்க. மாட்டைக் கட்டிப்போட்டுட்டு வந்திருக்கேன்" என்றார் அக்கா.

வளைந்தது, நீண்டது, குட்டை என்று நான் எடுத்து வைத்த ஒவ்வொரு பைப்பையும் தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கினார். "இப்படிக் குனிஞ்சா சாம்பல் விழுமா?"

"கவுத்தா விழாம என்னக்கா செய்யும்?"

"நான் குனிஞ்சுதானே கறக்கணும்?"

அப்போதுதான் எங்களுக்கு விஷயம் விளங்கியது. ராவுத்தர் சிரிப்பை விட்டுவிட்டு உள்ளே போனார். கப்பல்காரர்கள் காற்றில் நெருப்புப் பறக்காமல் இருக்க வாங்கும் ஒரு பைப்பைத் தேடிக் கொண்டுவந்தார். புகையிலை போடும் கிண்ணத்தின் மேல் சின்ன ஓட்டைகள் போட்ட உலோக மூடி. அக்கா மூடியைத் திறந்து மூடிப் பார்த்தார். கவிழ்த்துத் தட்டினார். "இதுதான்."

புகையிலை விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. ராவுத்தர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து சொன்னார். "சுருட்டு வேற, இது வேறம்மா. சுருட்டு ஒரே புத்தி. இது நாலஞ்சு இலையைக் கலந்து நறுக்குனது. ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு புத்தி. சுருட்டை விட்டுட்டு வர்றவங்க எல்லாரும் முதல்ல இதைத்தான் தூக்குவாங்க" என்று, பழவாசனையும் சர்க்கரையும் ஏற்றிய டப்பாவைத் திறந்து நீட்டினார். கடையெல்லாம் மணத்தது.

அக்கா மோந்து பார்த்தார். "பாயசம் மாதிரி இருக்கே!" வாங்கிப் போனார்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தார். பேசும்போது நாக்கைப் புரட்டிப் புரட்டிப் பேசினார். "டப்பாவுல பாயசம், வாயில வெந்நீர். நாக்கு வெந்துபோச்சு. குழாய்க்குள்ள கொளகொளன்னு தண்ணி வேற. செவலை என்ன செஞ்சுச்சு தெரியுமா? வெல்லம்னு நெனச்சு என் மூஞ்சியை நக்க வருது! பால் எங்க விடும்?"

"சுருட்டை இழுக்கிற மாதிரி இழுத்திருப்பீங்க" என்றார் ராவுத்தர். "இதை அப்படி இழுக்கக்கூடாது. சூடேறும். சர்க்கரை போட்டது இன்னும் மோசம்."

அக்கா கொஞ்சம் யோசித்தார். "பசியில இருக்கிற கன்னு முட்டி முட்டிக் குடிக்கும். வயிறு நெறைஞ்ச கன்னு சும்மா காம்பை வாயில வச்சுக்கிட்டு எப்பவாவது ஒரு இழுப்பு இழுக்கும். அப்படியா?"

ராவுத்தர் வாயைப் பிளந்துவிட்டார். "அதேதான்மா."

அடுத்து மஞ்சள் இலை. வாசனை எதுவும் ஏற்றாதது. "வைக்கோல் வாசம்!" என்று சந்தோஷமாகக் கொண்டுபோனார். மாடு ஒன்றும் சொல்லவில்லை, பால் விட்டது. ஆனால் அக்காவுக்கு ஆகவில்லை. "நாக்குல ஊசி குத்துது. ஆனா காரமும் இல்ல. சுருட்டுப் பிடிச்ச வாய்க்கு இது எங்க காணும்?"

மூன்றாவதாக ராவுத்தர் திறந்தது விறகுப் புகையில் வாட்டிய கறுப்பு இலை. மூடியைத் திறந்ததும் நான் திடுக்கிட்டேன். சாம்பிராணி வாசம். சாமிக்குக் காட்டுகிற வாசனையை ஒருத்தர் வாயில் வைத்து இழுப்பதா என்று எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. அக்கா சிரித்தார். "சாம்பிராணியும் இல்ல ஒண்ணும் இல்ல தம்பி. கொசுவுக்குத் தொழுவத்துல மூட்டம் போடுவோமே, அந்த வாசம். மாடுங்களுக்குப் பொறந்ததுலேர்ந்து தெரிஞ்ச வாசம்."

ஆனால் அதையும் தனியாகப் பிடிக்கவில்லை. காரமில்லாத பழுப்பு இலை ஒரு டப்பா வாங்கினார். அதில் பாதி, கறுப்பு இலை ஒரு சிட்டிகை, மிச்சத்துக்கு நம் சுருட்டையே பிய்த்து, புண்ணாக்கை உதிர்ப்பதுபோல உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து உதிர்த்துப் போட்டார். ஈரமாக இருக்கிறது என்று முறத்தில் பரப்பி நிழலில் உலர்த்தினார். அடுத்த நாள் காலையில் செவலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பற்றவைத்தார். அது கழுத்தைத் திருப்பி ஒரு தரம் மோந்தது. மறுபடி வைக்கோலைத் தின்னத் தொடங்கியது. பால் இறங்கிவிட்டது. சாம்பல் மூடிக்குள்ளேயே கிடந்தது.

"முப்பது வருஷமா விக்கிறேன். சுருட்டுக்காரங்களுக்கு எந்தப் பைப்புப் புகையிலை ஒத்துக்கும்னு எனக்கே தெரியாது. கடைசியில ஒரு மாடு சொல்லிக்குடுத்துடுச்சு" என்றார் ராவுத்தர்.

இதைச் சொல்ல அக்கா கடைக்கு வந்து உட்கார்ந்திருந்த நாளில்தான் கோயில் தலைவரும் வந்தார். தஞ்சோங் பகார் பக்கம் ஒரு கப்பல் கம்பெனியில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. வெள்ளை முழுக்கால் சட்டை, குடை. அவரும் சுருட்டுக்காரர்தான். ஆபீசில் மேலே ஏறிய பிறகு துரைமாரைப் பார்த்துப் பைப்புக்கு மாறியிருந்தார். ஆனால் கடைக்கு வந்தால், "எங்க துரைக்கு வேணும்" என்றுதான் சொல்லுவார். வாரம் ஒரு டப்பா, அந்தச் சர்க்கரை போட்டதுதான். எந்தத் துரையும் கிராணியை விட்டுச் சிராங்கூன் ரோட்டில் புகையிலை வாங்க மாட்டான். எனக்குத் தெரியாதா? நாங்கள் எதுவும் கேட்டதில்லை.

அக்கா அவரைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார். அவர் எடுத்த டப்பாவைப் பார்த்துவிட்டு, "ஐயா, அது வேணாங்க. டப்பாவுலதான் மணக்கும். உங்க துரை முன்னாடி சுருட்டுப் பிடிச்சவங்களா?" என்று கேட்டார்.

தலைவர் தடுமாறினார். "ம்... ஆமா."

"அப்ப இந்தப் பழுப்பு இலையில சுருட்டை உதிர்த்துப் போட்டுக்கச் சொல்லுங்க. மெதுவா இழுக்கச் சொல்லுங்க. இல்லாட்டி நாக்கு வெந்துடும், எனக்கு வெந்துச்சே!"

தலைவர் முகம் கறுத்துவிட்டது. சர்க்கரை டப்பாவையே எடுத்துக்கொண்டார். போகும்போது என் காதுக்குள், "கண்டவங்களை எல்லாம் கடைக்குள்ள உக்கார வைக்கிறீங்க" என்றார்.

இரண்டு மாசம் போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை அக்கா குடத்தை நீட்டினார். பூசாரி வாங்கவில்லை. தலைவரைப் பார்த்தார். தலைவர் மேல்துண்டை இடுப்பில் கட்டி, நெஞ்செல்லாம் சந்தனத்தோடு படியில் நின்றார்.

"உன் பாலை இனிமே எடுக்கிறதில்லன்னு கமிட்டியில முடிவு."

"ஏன் ஐயா?"

"வாயில பைப்பு வச்சுக்கிட்டுக் கறக்கிறியாமே. ஒரு பொம்பளை!"

"சுருட்டு வச்சுக்கிட்டுக் கறந்தப்ப எடுத்தீங்களே ஐயா?"

"அது நம்ம ஊர்ப் பழக்கம். இது வெள்ளைக்காரன் பழக்கம்."

சொல்லிவிட்டு அவருக்கே அது போதவில்லை. "அதோட சாம்பல் விழுந்த பால் கொண்டாந்தவதானே நீ? நாங்களா சொன்னோம்? நீயே சொன்னியே!"

"குடுக்கலையே ஐயா. சாக்கடையில ஊத்துனேன். இனிமே விழக்கூடாதுன்னுதான் மூடி போட்டதா வாங்குனேன்." அக்கா இடுப்பிலிருந்து பைப்பை எடுத்து, மூடியைத் திறந்து மூடிக் காட்டினார். குழந்தைக்குச் சொல்லுகிற மாதிரி சொன்னார். "இதோ பாருங்க. கவுத்தாலும் விழாது."

கூட்டத்தில் ஒருத்தன் சிரித்தான். ஒரு அம்மாள், "சிவ சிவா! கோயில்ல எடுக்கிறா பாரு!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்றைக்கு மத்தியானம்தான் தலைவர் என் கையிலிருந்து டப்பா வாங்கிப் போயிருந்தார். அவர் பேசும்போது சந்தன வாசனைக்குள் அந்தப் பழவாசனை எனக்கு வந்தது. மூன்றடி தூரத்தில் நின்றேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

சொல்லவில்லை. ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். என் மச்சினனுக்கு அந்தக் கப்பல் கம்பெனியில் வேலை வாங்கித் தருவதாகத் தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் பின்னாலேயே போனேன். ரோட்டுக்கு வந்ததும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கோயிலுக்குள் வராத ஆத்திரம்! "அக்கா, அந்த ஆளும் பைப்புப் பிடிக்கிறவருதான்! துரைக்கும் இல்ல, யாருக்கும் இல்ல!"

"தெரியும் தம்பி."

"தெரியுமா?"

"பேசுறப்ப நாக்கைப் புரட்டுறாரே, பாக்கலையா நீ? வெந்த நாக்கு. நான் சொன்னதைக் கேக்காம இன்னும் அதையேதான் பிடிக்கிறாரு."

"அப்ப ஏன்க்கா சொல்லல? அத்தனை பேர் முன்னாடி சொல்லியிருந்தா..."

"அது அவரோடது. அவரு மறைச்சதை நான் எதுக்கு எடுத்து வெளியில போடணும்? என்னோடதை நான் மறைக்கல, அவ்வளவுதான்." கொஞ்ச தூரம் நடந்தார். "நீ விக்கிறே. நீ கண்ணால பாத்தே. அது உன்னோடது. வேணும்னா நீ சொல்லியிருக்கலாம்."

திட்டவில்லை. பால் இளசு, கெட்டி என்று சொல்லுவாரே, அதே குரலில்தான் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. தொழுவத்துக்குப் போனேன். "அக்கா, குடத்தைக் குடுங்க. நான் கொண்டுபோய்க் குடுக்கிறேன். என் கையில இருந்தா வாங்குவாங்க."

அக்கா குடத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். "எடுத்துக்கிட்டுப் போ. ஆனா யாரு பால்னு சொல்லணும். அவரு பேரையும் என் பேரையும் சொல்லு. வேணாம்னா திருப்பிக் கொண்டாந்துடு. கோவிச்சுக்க மாட்டேன்."

"சொல்றேன்க்கா." சத்தியமாக, சொல்லவேண்டும் என்றுதான் நினைத்துப் போனேன்.

கோயிலில் நல்ல கூட்டம். பூசாரி குடத்தை வாங்கிக்கொண்டார். முன்வரிசையில் தலைவர் கைகூப்பி நின்றார். அம்மனுக்கு முன்னால் வைத்துப் பூசாரி கேட்டார். "இன்னைக்குப் பால் யாரு உபயம்?"

தலைவர் திரும்பி என்னைப் பார்த்தார். மச்சினனைத் திங்கட்கிழமை வேலைக்கு வரச்சொல்லி அவரிடமிருந்து ஆள் வந்திருந்தது.

"எங்க... எங்க வீட்டு உபயம்" என்றேன்.

பால் அம்மன் தலையில் இறங்கியது. பூசாரி என் பேரையும் என் சம்சாரத்தின் பேரையும் உரக்கச் சொன்னார். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் அம்மனைப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. வருஷக்கணக்காகப் பக்தியோடு நின்ற இடத்தில் அன்றைக்குத் திருடன்போல நின்றேன்.

காலிக் குடத்தோடு திரும்பினேன். வராமலே இருந்திருக்கலாம் என்றுகூடத் தோன்றியது. அக்கா தொட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். குடம் காலியாக இருப்பதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"வாங்கிக்கிட்டாங்களா! அவரு பேரைச் சொன்னாங்களா தம்பி? உரக்கச் சொன்னாங்களா?"

அவரிடம் பொய் சொல்ல யாராலும் முடியாது. "இல்லக்கா" என்றேன்.

"யாரு பேரு சொன்னாங்க?"

"...எங்க பேரு."

அக்கா குடத்தை என் கையிலிருந்து வாங்கினார். கழுவினார். கவிழ்த்து வைத்தார். "சாமிக்குப் பால் போச்சு. அது சரி. ஆனா அது நான் குடுத்த பால் இல்ல தம்பி. நீ குடுத்தது." பிறகு, "இனிமே என் குடத்தைத் தொடாதே" என்றார்.

மறுநாள் காலையில் எங்கள் வீட்டு வாசலில் வழக்கம்போல வந்து நின்றார். "இன்னைக்குப் பால் கெட்டியா இருக்கு, தயிருக்கு எடுத்து வை" என்று என் சம்சாரத்திடம் சொல்லி ஊற்றிவிட்டுப் போனார். என்னைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோயில் பக்கம் மட்டும் பிறகு வரவே இல்லை. சர்க்கார் கொல்லையைக் காலி செய்யச் சொன்னபோது மாடுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே சுவா சூ காங் பக்கம் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. போய்ப் பார்த்திருக்கலாம். பஸ் இருந்தது.

தலைவர் கடைசி வரைக்கும் தலைவராகவே இருந்தார். மாலை, மரியாதை எல்லாம் நடந்தது. தன் வாயில் ஒளித்து வைத்திருந்ததையே இன்னொருவர் வாயிலிருந்து பிடுங்கிக் குற்றம் என்று காட்டினார். ஊர் தலையாட்டியது. அவர் மேல் எனக்குக் கோபம்தான். சிரித்தவன் மேல் கோபம், முகத்தைத் திருப்பிய அம்மாள் மேல் கோபம். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு கல்லாய் இருந்தாளே அம்மன், அவள் மேல்கூட ஒரு நாள் கோபப்பட்டு அழுதிருக்கிறேன். அவள் என்ன செய்வாள்? யாரு உபயம் என்று பூசாரியைக் கேட்க வைத்தாள். என்னிடம்தான் கேட்க வைத்தாள்.

அந்த அக்காவின் பேரும் அவர் வீட்டுக்காரர் பேரும் எனக்கு நன்றாகத் தெரியும். இங்கே எழுதவில்லை. சொல்லவேண்டிய இடத்தில் கேட்டார்கள். நான் என் பேரைச் சொன்னேன்.